நீலம் மாறாத குழாய்கள்

வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஜீவிய காலத்தைக் கழித்தவனுக்கு மனிதரின் முகங்களைக் காட்டிலும் அவர்களுடைய சலமும் இரத்தமுமே அதிகம் பரிச்சயம் என்று வைத்தியர்கள் பரிகாசமாகச் சொல்வதுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அரசினர் வைத்தியசாலைகள் சிலவற்றில் மாறி மாறிச் சேவையாற்றி இளைப்பாறிய என் விஷயத்தில் அந்தப் பரிகாசம் பாதிதான் பொருந்தும். நீரிழிவு முற்றி வாட்டிலே கிடந்தவர்களை நான் மறந்திருக்கலாம். ஆனால் நோயாளி என்ற பெயரும் பெறாமல், சுகதேகி என்ற நிச்சயமும் இல்லாமல், பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் தயங்கி நின்றவர்களின் முகங்கள் இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில், கொழும்பு பொறளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி முடித்து ஊருக்குத் திரும்பியபோது, சீனி வருத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கு எங்களிடமிருந்த பிரதான ஆயுதம் பெனடிக்ற் திரவந்தான். அமெரிக்க இரசாயனியான ஸ்ரான்லி பெனடிக்ற் 1908ஆம் ஆண்டளவில் வகுத்த அந்த நீலநிறத் திரவத்தில் ஐந்து மில்லிலீற்றரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, எட்டுத் துளி சலத்தை விட்டுக் கொதிக்கவைத்தால், சீனி இல்லாதவனுடையது நீலமாகவே நிற்கும். இருப்பவனுடையது அளவுக்கேற்பப் பச்சையாகி, மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, முற்றியவனுடையது செங்கல்லைக் கரைத்துவிட்டாற்போல அடியிலே படியும். பச்சைக்கு ஒரு கூட்டல் அடையாளம், செங்கல் நிறத்துக்கு நான்கு. காலையில் வரிசையாக நிற்கும் குழாய்களின் நிறத்தை யன்னலுக்கு வெளியே நின்றபடியே பார்த்துத் தம் விதியைத் தாமே வாசித்துக்கொள்ளும் அளவுக்கு எங்கள் நோயாளிகள் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். நீலத்தைக் கண்டவர் நல்லூரானை நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

அந்த நீலம் எவ்வளவு அற்பமான சாட்சி என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இரத்தத்திலுள்ள குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிக்கிராமைத் தாண்டும்வரை சிறுநீரகம் அதனை வெளியே விடாமல் மீள உறிஞ்சிக்கொள்ளும். பழைய பரியாரிமார் சலத்தில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நோயை அறிந்தார்கள் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த எறும்புக்கும் எங்கள் பெனடிக்ற் திரவத்துக்கும் தெரிந்தது ஏறத்தாழ ஒரே உண்மைதான், அதாவது அணை உடைந்து வழிந்த பிற்பாடு தெரிகின்ற உண்மை. வெறும் வயிற்றில் 115, சோறு தின்று இரண்டு மணித்தியாலத்தில் 165 என்று இருந்த மனிதனை எறும்பும் அறியாது, குழாயும் காட்டாது. இன்று நீரிழிவுக்கு முந்திய நிலை என்று நாம் எழுதுகின்ற அந்த ஸ்திதி அந்தக் காலத்திலும் இருந்தது. நீல நிறத்துக்குள்ளே இருந்தது.

எண்களை இங்கே சொல்லிவிடுவது நல்லது. எட்டு மணித்தியாலமாவது ஒன்றும் உண்ணாமல் எடுத்த இரத்தத்தில் குளுக்கோசு 126 மில்லிக்கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை இருப்பது முந்திய நிலை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003ஆம் ஆண்டு முதல் சொல்லிவருகிறது. உலக சுகாதார ஸ்தாபனமோ 110இலிருந்துதான் கணக்கிடுகிறது. குளுக்கோசு குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின்னர் 140 முதல் 199 வரை இருப்பின் அதுவும் முந்திய நிலை. 200 என்றால் நீரிழிவு. மூன்று மாதத்துச் சராசரியை உணர்த்தும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வீதம் வரை இந்த இடைநிலம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் தங்களுக்கு வெறும் வயிற்றில் 5.9 தான் என்று பெருமைப்பட, ஊரிலிருக்கும் தமையனார் தமக்கு 106 என்று கலங்குவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். மில்லிக்கிராம் கணக்கைப் 18 ஆல் வகுத்தால் அவர்களுடைய கணக்கு வரும். இருவருக்கும் இருப்பது ஒரே சீனி.

இந்த எல்லைகள் கடவுள் கிழித்தவையல்ல. 1980ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த விதிப்படி வெறும் வயிற்றில் 140 இருந்தால்தான் நீரிழிவு. 1997இல் அமெரிக்கர் அதனை 126 ஆகக் குறைத்தபோது, முதல்நாள் இரவு சுகதேகியாகப் படுத்த எத்தனையோ பேர் மறுநாட் காலையில் நோயாளியாக விழித்தார்கள். இதனைக் கேலியாகச் சொல்பவர்களும் உளர். என் அபிப்பிராயம் வேறு. கண்ணின் விழித்திரையிலே சேதம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதைப் பார்த்தே அவர்கள் கோட்டைக் கீழிறக்கினார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழும் சிலருக்கு விழித்திரையும் பாதத்து நரம்பும் பழுதாகத் தொடங்கிவிடுகின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

உள்ளே நடப்பது என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் துலாக் கிணற்றைக் காட்டியே விளக்குவேன். மண் இறுகித் தண்ணீரைக் குடிக்க மறுக்கும் தோட்டத்துக்கு, துலா மிதிப்பவன் முன்னையிலும் இருமடங்கு நேரம் மிதித்துத் தண்ணீர் இறைக்கிறான். பயிர் வாடவில்லை, ஆகையால் தோட்டக்காரன் வரம்பிலே நின்று திருப்தியடைகிறான். மிதிப்பவனுடைய கால் ஓய்ந்துவருவதை அவன் காண்பதில்லை. தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லைக் கேளாதபோது, சதையி என்னும் உறுப்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து இரத்தச் சீனியைச் சமன்செய்துகொண்டிருக்கும் காலமே இந்த முந்திய நிலை. நீரிழிவு என்று பெயர் சூட்டப்படும் நாளில் சுரக்கும் சக்தியில் ஏறக்குறையப் பாதி போய்விட்டிருக்கும் என்று இங்கிலாந்தில் நடந்த நீண்ட ஆராய்ச்சியொன்று கணித்திருக்கிறது.

இந்த முந்திய நிலையைக் கண்டுபிடிக்கும் நேரிய வழி குளுக்கோசுப் பரிசோதனை. இரத்தச் சீனியை அளந்த பழைய போலின்-வூ முறை குளுக்கோசு அல்லாத வேறு சில பொருள்களையும் சேர்த்துக் கூட்டிக் காட்டியதால் இடைநிலத்தைத் துல்லியமாக அளக்க ஏற்றதாக இருக்கவில்லை. நொதியைக் கொண்டு அளக்கும் முறை வந்த பின்னரே அந்த எண்களை நம்பிக் கையொப்பமிட முடிந்தது. இரவு முழுவதும் பட்டினியிருந்து வருபவருக்கு, முதலில் இரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோசை ஏறக்குறைய ஒன்றரைக் குவளைத் தண்ணீரில் கரைத்து, தேசிக்காய் கொஞ்சம் பிழிந்து, ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுப்போம். தேசிக்காய் விடாவிட்டால் அரைவாசிப்பேர் அதனை முற்றத்துப் பூவரசடியிலே திருப்பித் தந்துவிடுவார்கள். பின்னர் இரண்டு மணித்தியாலம் வாங்கிலே இருக்கவேண்டும். நடக்கக்கூடாது, சுருட்டுப் பிடிக்கக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, தேத்தண்ணீர்க் கடைப்பக்கம் எட்டியும் பார்க்கக்கூடாது. எங்கள் சனத்துக்குச் சும்மா இருப்பதைப் போன்ற சிரமமான காரியம் பிறிதில்லை. ‘கடையடியிலை ஒரு பிளேன்ரீ மட்டுந்தான் தம்பி, சீனி போடேல்லை’ என்று சொல்லிக்கொண்டு, பனங்கட்டித் துண்டின் மிச்சத்தை மடியிலே செருகியபடி வந்த அப்புமாரை எல்லாம் மறுநாள் வரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன். பரிசோதனையில் சித்தியடைவதற்காக மூன்று நாள் இராச்சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்கள் ஏமாற்றியது யாரை என்பதை அவர்களே பிறகு உணர்ந்தார்கள்.

ஆய்வுகூடத்துக்கும் அதன் பலவீனங்கள் இருந்தன. குழாயில் எடுத்த இரத்தத்திலுள்ள உயிரணுக்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டேயிருக்கும். நீர்ப்பகுதியைப் பிரித்தெடுக்காமல் வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு வீதம் வரை குறைந்துபோகும். புளோரைட்டு இட்ட குழாயும் முதல் ஒரு மணித்தியாலத்துக்கு அதனை முற்றாகத் தடுப்பதில்லை. செங்கல் நிறத்துக்காரருக்கு இது பெரிய பாதகம் அன்று. 300 என்பது 270 ஆனாலும் அவர் நோயாளியே. இடைநிலத்தில் நிற்பவருக்கோ அந்தப் பத்துப் புள்ளிதான் முழு வித்தியாசம். 1990இல் யுத்தத்தால் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போய், பொருளாதாரத் தடையும் சூழ்ந்த ஆண்டுகளில், கையால் சுழற்றும் யந்திரத்திலே இரத்தத்தைப் பிரித்து, ஜாம் போத்தல் விளக்கொளியில் முடிவு எழுதியபோது, 108 என்று வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு 118 ஒளிந்திருக்குமோ என்ற ஐயம் எனக்கு எழும்.

ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டும். இன்சுலின் போடவேண்டியவர்கள் பட்ட அவதி சொல்லி முடியாது. ஈரமணல் நிரப்பிய பானைக்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்து நாளெண்ணிய குடும்பங்கள் எத்தனையோ. ஆயினும் ஏனையோர் எல்லாரும் சைக்கிளில் ஏறினார்கள். பெற்றோல் அபூர்வப் பொருளானதும் வைத்தியரும் விதானையாரும் வியாபாரியும் பிரக்கிராசியாரும் மிதித்தே போனார்கள். இராக்காலத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்துத்தான் வானொலிச் செய்தியும் கேட்டார்கள். சீனியும் கோதுமைமாவும் விலைக்கெட்டாதவை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, வயிறு தொங்கியவர் என்று எவரையும் நான் அந்தச் சனத்திரளிலே கண்டதாக ஞாபகமில்லை. துன்பத்தைப் புகழ்ந்துரைக்க நான் வரவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், சோவியத் நாட்டின் உதவி நின்றுபோன கியூபாவிலும் மக்கள் உணவு சுருங்கிச் சைக்கிள் மிதித்தார்கள். தேசமே தலைக்குச் சராசரி ஐந்தரைக் கிலோ மெலிந்தது. நீரிழிவாலும் இருதய நோயாலும் ஏற்பட்ட மரணங்கள் குறைந்தன. நிலைமை சீரானதும் உடல்நிறையும் நீரிழிவும் ஒருமிக்க ஏறின. 2013இல் வெளியான அந்த ஆராய்ச்சியை வாசித்தபோது, எங்கள் ஊரின் கதையை யாரோ ஸ்பானியர் எழுதிவைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று.

ஏனெனில் எங்களுக்கும் பாதை திறந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்து, 2006இல் மூடி, யுத்தம் முடிந்த பின்னர் நிரந்தரமாகத் திறந்ததும், மோட்டார் சைக்கிளும் வெளிநாட்டுக் காசும் குளிர்பானமும் பேக்கரிப் பணிசும் ஒரே வழியால் உள்ளே வந்தன. சைக்கிள் கோழிக்கூட்டோடு சாத்தப்பட்டது. தாயின் வயிற்றிலே பட்டினியைக் கண்டு நிறை குறைந்து பிறந்த பிள்ளைகள் பிற்காலத்தில் மிதமிஞ்சிய உணவைச் சந்தித்தால் நீரிழிவுக்கு எளிதில் ஆளாவர் என்று இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால், தடைக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் முப்பது வயதைக் கடந்துவரும் இந்நாளில் எனக்குக் கவலை உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதற்குமென்று எடுத்த கணக்கில் வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவும், மேலும் 11.5 வீதத்தினருக்கு முந்திய நிலையும் இருந்தன. ஆனால் யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இரண்டும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தேசத்தின் சீனியை அளந்தபோது எங்கள் இரத்தம் அளக்கப்படாமலே போயிற்று.

முந்திய நிலையில் உள்ளவருக்கு வைத்தியசாலையில் இடமில்லை என்பதுதான் என் நெடுநாளைய ஆதங்கம். நீரிழிவுக்காரருக்குக் கிளினிக் கொப்பி உண்டு; மாதத்துக்கொரு திகதி உண்டு; வரிசையில் இலக்கமும், குளிசை வாங்கும் யன்னலும் உண்டு. எங்கள் ஊரில் நோயை நிச்சயம் பண்ணுவது எண்ணல்ல, கொப்பியே. வடமராட்சியைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், பார்வைக்கு மெலிந்தவர், 61 கிலோ நிறை, ஆனால் வேட்டிக்கு மேலே சிறிதாக ஒரு வயிறு. வெறும் வயிற்றில் 112, இரண்டு மணித்தியாலத்தில் 168. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

‘தம்பி, எனக்குச் சீனி இல்லையெண்டுதானே இதிலை கிடக்குது?’

‘இல்லையெண்டு எழுதேல்லை, மாஸ்ரர். இன்னும் வரேல்லையெண்டுதான் கிடக்குது.’

‘வருத்தமெண்டால் கொப்பியைத் தாங்கோ. இல்லையெண்டால் என்னை விடுங்கோ. இரண்டுங்கெட்டான் கணக்குக்கு நான் படிப்பிச்ச காலத்திலும் புள்ளி போட்டதில்லை.’

நான் நாடாவை எடுத்து அவர் இடுப்பை அளந்தேன், 94 சென்ரிமீற்றர். எங்கள் தேசத்து ஆண்களுக்கு 90உம் பெண்களுக்கு 80உம் என்ற வரம்பை, மெலிந்த கைகாலோடு உள்வயிற்றில் கொழுப்புச் சேரும் நம்மவருடைய தேகவாகை அறிந்தே வகுத்திருக்கிறார்கள். மாஸ்ரருக்கு எண் என்றால் மரியாதை. வீட்டுக்குப் போய், நாலு கோடு போட்ட அப்பியாசக் கொப்பியொன்றைத் தாமே வாங்கி, அட்டையில் தம் பெயரையும் எழுதி, நடந்த தூரத்தையும் இடுப்பளவையும் இராச்சாப்பாட்டையும் அதிலே பதியத் தொடங்கினார். ஒரு வருடத்தின் பின்னர் 98, 136 என்று வந்தபோது, அந்தக் கொப்பியிலும் என் கையொப்பத்தை வாங்கிக்கொண்டுதான் போனார்.

எல்லாரும் மாஸ்ரர் அல்லர். இடைநிலத்தில் நின்ற நடுவயதுக் கடைக்காரர் ஒருவர் நீரிழிவு எல்லையை எட்டுமுன்னரே மாரடைப்போடு வந்து சேர்ந்தார்; புகையும் பிரஷரும் துணைநின்றன என்பது உண்மையே, ஆனால் இருதயத்து நாடிகள் 126 வரும்வரை காத்திருப்பதில்லை. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் முந்திய நிலையில் உள்ளவர்களுக்கு உணவும் உடற்பயிற்சியும் ஆறு வருடம் போதித்து, முப்பது வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நீரிழிவு ஏறக்குறைய நான்கு வருடம் பிந்தியது, இருதய இரத்தநாடி நோய்களால் ஏற்பட்ட மரணங்களும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. நமக்கு நெருங்கிய சாட்சி சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆராய்ச்சியில், இந்நிலையிலிருந்த 531 பேரைப் பகுத்துப் பார்த்தபோது, சாதாரண ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 வீதத்தினர் மூன்றே வருடத்தில் நீரிழிவுக்காரர் ஆயினர். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆராய்ச்சியில் அதே காலத்தில் ஏறக்குறைய 29 வீதத்தினரே அவ்வாறாயினர். நடையும் உணவு நியமமும் சென்னையில் அந்த ஆபத்தை 28.5 வீதம் குறைத்தன. மெற்போமின் குளிசையும் ஏறத்தாழ அவ்வளவே குறைத்தது. இரண்டையும் சேர்த்தும் அதற்குமேல் பலன் இல்லை. அமெரிக்கருக்கு நடையாலும் உணவு நியமத்தாலும் 58 வீதம் குறைந்ததே, நமக்கு ஏன் பாதி என்று கேட்டால், நாம் நிற்கும் சரிவு அவர்களுடையதைக் காட்டிலும் செங்குத்தானது என்பதே என் விளக்கம்.

உணவைப் பற்றி எங்களவரிடம் பேசுவது அபாயகரமான முயற்சி. பிட்டையும் இடியப்பத்தையும் குறைசொன்னால் குலதெய்வத்தைக் குறைசொன்னதுபோல முகம் சுளிப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உயிர்இரசாயனத் துறையினர் நம் உணவுகள் ஒவ்வொன்றும் இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றுகின்றன என்று முறைப்படி அளந்து வெளியிட்டிருக்கிறார்கள்; அது போற்றத்தக்க பணி. ஆனால் என் அனுபவத்தில், எந்த மா என்பதைக் காட்டிலும் எத்தனை நீத்துப்பெட்டி என்பதே பெரிய கேள்வி. குரக்கன் மருந்து என்று கேள்விப்பட்டவர், ஒரு நீத்துப்பெட்டி அரிசிமாப் பிட்டுக்குப் பதிலாக இரண்டு நீத்துப்பெட்டி குரக்கன் பிட்டை ஆறுதலாகச் சாப்பிடுகிறார். வெள்ளைச் சீனியை விஷமென்று ஒதுக்கியவர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மூன்று தேத்தண்ணீர் குடிக்கிறார். பனங்கட்டியிலும் பெரும்பகுதி அதே சீனிதான், கற்பகதரு தந்தது என்பதற்காக இரத்தம் சலுகை காட்டாது. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு ஒரு அகப்பை, முருங்கையிலை வறை இரண்டு அகப்பை, பருப்பு, மீன், பின்னேரத்தில் தோட்டவெளியால் அரைமணி நேரம் விறுக்கென்ற நடை: வாரத்துக்கு 150 நிமிடம், நிறையில் ஏழு வீதக் குறைவு என்று அமெரிக்க ஆராய்ச்சி சொன்னதை எங்கள் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்.

எச்பிஏ1சி வந்த பிற்பாடு பட்டினிகிடக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு அது உள்ளதிலும் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரத்தசோகை குறையாத நாட்டில் ஒரே எண்ணை நம்பிக் குளிசை தொடங்குவது உசிதமன்று.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, கர்ப்பகாலத்தில் சீனி ஏறியவர்களே இந்த இடைநிலத்தின் மிக மௌனமான கூட்டம் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும், தாயும் மறந்துவிடுவாள், ஆனால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் மற்றப் பெண்களைக் காட்டிலும் அவளுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரமளவில் மறுபடியும் குளுக்கோசு குடித்துப் பார்க்கவேண்டும் என்று துண்டில் எழுதி அனுப்பினால், பத்தியச் சாப்பாடும் சரக்குத்தண்ணியுமாக வீட்டுக்குள் இருப்பவள் எங்கே வரப்போகிறாள்? எங்கள் பகுதியில் கடமையாற்றிய குடும்பநல மருத்துவிச்சி ஒருவர் இதற்கு வழி கண்டார். தாய் தனக்காக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள், பிள்ளைக்காக வராமலிருக்கவும் மாட்டாள் என்று அறிந்து, இரண்டாம் மாதத்துத் தடுப்பூசி நாளையே தாயின் பரிசோதனை நாளாகவும் ஆக்கிவிட்டார். ‘ஊசிக்கு வரேக்கை நீ வெறும் வயித்தோடை வா பிள்ளை, பால் குடுக்கலாம், நீ மட்டும் ஒண்டும் சாப்பிடாதை’ என்று வீடுவீடாகச் சொல்லிவைப்பார். கொப்பி இல்லாத அந்தத் தாய்மாரின் முடிவுகளை எங்கே பதிவது என்று நான் கேட்டபோது, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். நிறை ஏறும் கோட்டுக்குப் பக்கத்திலே, ஓரத்தில், பென்சிலால் ‘தாய்: 104, 151’ என்று எழுதி, ஒன்பதாம் மாதத்து ஊசிக்குரிய கட்டத்துக்கு நேரே மறுபடியும் ‘தாய்’ என்று குறித்துக் கேள்விக்குறியொன்றும் போட்டிருந்தார்.